பெயர் மறைத்த சாட்சி



கடைத்தெருவில் ஒரு வணிகர் தம் சரக்கைப் புகழ்ந்து பேசினால் நாம் ஏமாறுவதில்லை. அவர் விற்க வந்தவர் என்பதை அறிந்திருப்பதால், எடையைப் பார்க்கிறோம். விலையைக் குறைத்துக் கேட்கிறோம். ஆனால் விற்க வந்தவரே தம்மை மறைத்துக்கொண்டு, கண்ணீர் வடிக்கும் ஒரு சாட்சியை நம் முன் நிறுத்தினால் என்ன செய்வோம்? அப்போது எடை பார்க்கத் தோன்றுமா?

மக்கள் தொடர்பு என்பது இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்ட ஒரு தொழில். அத்தொழிலே தீது என்று கூறுவதற்கில்லை. மருத்துவமனையும் அரசு அலுவலகமும் தொழிற்சாலையும் தாம் செய்வதை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவைதாம். இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீ, 1906ஆம் ஆண்டில் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம் பணி வெளிப்படையாக நடக்கும், தரும் தகவல் சரியானதாக இருக்கும் என்பதே அதன் சாரம். அந்த வாக்குறுதி மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வளைகுடாப் போர் ஒரு பாடம்.

பதினைந்து வயதுப் பெண்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. பிழைப்புக்காக அங்கே சென்றிருந்தோர், ஈட்டிய யாவற்றையும் விட்டுவிட்டு அம்மான் நகர் வழியாகத் தாயகம் திரும்பிய துயரத்தை நம் குடும்பங்கள் பலவும் அறியும். அவ்வாறு மீட்கப்பட்ட இந்தியர் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம்.

அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தோன்றினாள். அவளுடைய பெயர் நயிரா என்று மட்டும் கூறப்பட்டது. குவைத்தில் இருக்கும் குடும்பத்தாருக்குத் தீங்கு நேராதிருக்க முழுப்பெயர் மறைக்கப்படுவதாகக் காரணம் சொன்னார்கள். குவைத் மருத்துவமனை ஒன்றில் தான் தொண்டு செய்ததாகவும், குறைமாதக் குழந்தைகளை ஈராக்கியப் படைவீரர்கள் இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதாகவும் அவள் அழுதுகொண்டே கூறினாள். தொலைக்காட்சி அதனை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் பல மேடைகளில் அதை எடுத்துரைத்தார். செனட் சபையின் விவாதத்திலும் அது ஒலித்தது. 1991 ஜனவரி 12 அன்று போருக்கு ஆதரவாக 52 வாக்குகளும் எதிராக 47 வாக்குகளும் விழுந்தன. இந்த ஒரு கதையால்தான் போர் மூண்டது என்பதில்லை. ஆயினும் மூன்றே பேர் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடிய வாக்கெடுப்பு அது.

போர் முடிந்தபின் குவைத்துக்குச் சென்ற செய்தியாளர்களும் மனித உரிமை ஆய்வாளர்களும் மருத்துவர்களை விசாரித்தனர். அக்கதைக்கு ஆதாரம் கிட்டவில்லை. முன்பு அதனை ஏற்றிருந்த ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரியில் எழுத்தாளர் ஜான் மெக்கார்தர், நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் திரையை விலக்கினார். அப்பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள்! அவளுடைய சாட்சியத்தின் பின்னே நின்றது ஹில் அண்ட் நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம். ‘சுதந்திர குவைத்துக்கான குடிமக்கள்’ என்ற பெயரில் இயங்கிய அமைப்பு அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. பெயரில் குடிமக்கள் இருந்தனரே தவிர, பணம் ஏறத்தாழ முழுவதும் அரசின் கருவூலத்திலிருந்தே வந்தது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஆக்கிரமிப்பின்போது குவைத் மக்கள் உண்மையாகவே கொல்லப்பட்டனர், சித்திரவதைக்கு ஆளாயினர், கொள்ளையிடப்பட்டனர். அந்த உண்மைக்கே அழுத்தம் போதும். புனைந்த ஒரு கதையைச் சேர்த்ததால், பின்னாளில் மெய்யான சாட்சிகளையும் உலகம் ஐயத்தோடு நோக்கிற்று. ஆக, பொய்ச்சாட்சி எதிரிக்கு மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவனுக்கும் அநீதி இழைக்கிறது.

அறிவிப்பவர் யார்?

நம் மதரஸாக்களில் ஹதீஸ் கலை பயிலும் மாணவன் முதலில் கற்பது என்ன? செய்தியின் அழகைப் பார்க்குமுன் அதன் இஸ்னாதைப் பார் என்பதுதான். அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், அவருடைய வாய்மையும் நினைவாற்றலும் எத்தகையவை என்று அறிஞர்கள் துருவித் துருவி ஆராய்ந்தனர். இன்னார் என்று அறியப்படாதவரை ‘மஜ்ஹூல்’ என்று குறித்து, அவர் அறிவித்ததைப் பலவீனமானதாகக் கருதினர். அந்த அளவுகோலை வாஷிங்டனில் ஒருவர் கையிலெடுத்திருந்தால், முதல் கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டிருக்கும் அல்லவா?

சொல்லுக்குள் ஒளிபவர்கள்

சாட்சியை மறைப்பது ஒரு வழி. செயலை மறைப்பது மற்றொரு வழி. 1991 பிப்ரவரி 13 அன்று பக்தாதின் அமிரிய்யா பதுங்கிடத்தின்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் பொதுமக்கள் நானூறு பேருக்கும் மேல் மாண்டனர். இத்தகைய சாவுகளுக்குப் படைத்துறையார் வழங்கும் பெயர் ‘பக்கச் சேதம்’ என்பதாகும். அச்சொல்லில் குழந்தையும் இல்லை, தாயும் இல்லை, குண்டு வீசியவனும் இல்லை!

தொலைவில் மட்டுமா இது நடக்கிறது? ‘ஆவன செய்யப்படும்’ என்று நம் அலுவலகங்களிலிருந்து மறுமொழி வருகிறதே, செய்பவர் யார், என்றைக்குள் செய்வார் என்று அதிலிருந்து அறிய முடிகிறதா? தன் அலுவலர்கள் தெளிவாக எழுதப் பழக வேண்டும் என்று கருதிய பிரிட்டிஷ் நிதித்துறை, எர்னஸ்ட் கவர்ஸ் என்பாரைக் கொண்டு ஒரு கையேடு எழுதுவித்து 1948இல் வெளியிட்டது. படிப்பவருக்குப் புரியும் எளிய சொல்லைத் தேர்ந்து எழுதுக என்பதே அந்நூலின் அடிப்படை.

நம் கடமை

சகோதர சகோதரிகளே! இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்பேசி இருக்கிறது. ஒரு விரல் அசைவில் நாமும் செய்தி அறிவிப்பாளர்களாகி விடுகிறோம். நம்மை அழவைக்கும் செய்தியோ, சினமூட்டும் செய்தியோ வந்தால், சற்றே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். சொல்பவர் யார்? நேரில் கண்டவர் யார்? இது பரவுவதால் பயன் பெறுபவர் யார்? விடை கிட்டாதவரை அதனை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். நம் தரப்புக்கு உகந்த செய்தியாக இருப்பின், இன்னும் ஒருமுறை கேளுங்கள். விரும்பிய பொய்யை நம்புவதே எளிது.

நாம் எழுதும்போதும் இதே நேர்மை வேண்டும். தெருவில் குடிநீர் வரவில்லை என்று நகராட்சிக்கு மனு எழுதுகிறீர்களா? ‘பெரும் அவதி’ என்று பக்கத்தை நிரப்பாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை வீடுகள், எந்தத் தேதியிலிருந்து, வேண்டுவது என்ன என்பவற்றை நான்கு வரியில் எழுதி, உங்கள் பெயரைத் தெளிவாகக் கீழே பொறியுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி, மெய்யான ஒன்பது வரிகளின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

பேச்சும் எழுத்தும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பிள்ளைகள் படிக்கக் கற்கும்போதே, ‘இதைச் சொன்னவர் யார்?’ என்று கேட்கவும் கற்றுக்கொள்ளட்டும்.