பரு போனாலும் போகாத அடையாளம்

ஆக்லாந்து குயின் வீதிக் கடைகளில், நாங்கள் ஓவர்டைம் செய்து உழைத்த காசு முகப்பூச்சாகப் போகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பரு ஆறியபின் நிற்கும் கறுப்பு, வடு அல்ல. எங்கள் நிறத் தோலில் அது கூடுதலாக வரும். மாதக்கணக்கில் தானாக மங்கும். இங்கத்தைய வெயில் பொல்லாதது, அதை இன்னும் கறுக்க வைக்கும். வெயில் தடுப்புக் களிம்பு பூசுங்கள்.

குழி வேறு விஷயம். ஊசி குத்தினாற்போல ஆழமானதோ, அலைபோல அகலமானதோ, எந்தப் பூச்சும் அதை நிரப்பாது. தோல் வைத்தியர் நுண்ணூசி, லேசர் முறைகளால் குறைக்கலாம், முழுதாக மறையாது. லேசரால் எங்கள் தோல் கறுக்கவும் கூடும், முதலே கேளுங்கள். தோளில், நெஞ்சில் தடித்தெழும் தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

முதலில் பருவை நிறுத்த வேண்டும். கடும் பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் குளிசையை 2009 முதல் இங்கே குடும்ப வைத்தியரும் மானியத்தில் எழுதித் தரலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.