ஓதம் ஏறும் பேஸ்மட்டம்: கொத்தனாரை அழைக்குமுன் கணக்கெழுதுவோம்



வடகிழக்குப் பருவமழை பெய்து தாமல் ஏரி நிரம்பி நிற்கும் நாட்களில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே குறைதான். சுவரின் அடிப்பகுதி இரண்டு மூன்றடி உயரத்துக்கு ஈரமாகிறது. வெள்ளையாக உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. இரவில் விரித்த பாய் காலையில் சில்லென்று இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சளி விடுவதில்லை. பெருநாள் நெருங்கியதும் ஒரு கொத்தனாரைப் பிடித்து, பழைய பூச்சை உடைத்து, புதிதாகப் பூசி, பெயின்ட் அடித்துவிடுகிறோம். அடுத்த மழையில் அதே இடம் மறுபடி பொரிகிறது. செய்த வேலை போய்விடுகிறது. அதற்காக வாங்கிய கடன் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது.

வீட்டு மராமத்துக்காக வட்டிக்கு வாங்கிவிட்டு, பிறகு அறக்கட்டளையின் கதவைத் தட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எனவே இந்த இதழில் மராமத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி, ஆளைப் பேசி அமர்த்துவது எப்படி என்பதைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்குக் கீழே உள்ள ஓர் அறையைச் சொல்வார்கள். நம் ஊர் மேஸ்திரி 'பேஸ்மட்டம்' என்பது வேறு. அஸ்திவாரத்துக்கு மேல், வீட்டின் தரைக்குக் கீழ், மண் நிரப்பி உயர்த்திய பகுதி அது. நிலத்தடி நீர் உயர்ந்ததும் மண்ணிலுள்ள ஈரத்தைச் செங்கல்லும் கலவையும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மேலே இழுக்கின்றன. புதிய வீடுகளில் இதைத் தடுக்கப் பேஸ்மட்டத்தின் மேல் ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று போடுவார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது.

ஆனால் எல்லா ஈரமும் மண்ணிலிருந்து வருவதல்ல. பணம் செலவழிக்குமுன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. அதற்குப் பிளம்பர் போதும். கொத்தனார் வேலை பிறகுதான். அடுத்து, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை ஈரச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்புறம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பகுதி தீரும்.

வெளியே வந்து தெருவையும் பாருங்கள். பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்திருக்கிறதா? பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நம் தெருவில் சாலைப் பணி வரும்போது அதை நினைவூட்டிக் கேட்பது நம் உரிமை.

மண்ணிலிருந்துதான் ஈரம் ஏறுகிறது என்றால், உள்ளே மட்டும் கெட்டியாக சிமெண்ட் பூசுவது பலன் தராது. அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறும். முதல் செலவை வெளிப்புறத்தில் செய்யுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றி, வீட்டைச் சுற்றி வெளிச்சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டு, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் வைத்து, கால்வாய்க்கு வழி செய்ய வேண்டும். உட்பூச்சு அதற்குப் பிறகு.

தறி உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், வெளியில் உயர்ந்த நிலத்தடி நீர் குழிச்சுவரை உள்நோக்கி அழுத்துகிறது. உள்ளே அடிக்கும் பெயின்ட் அந்த அழுத்தத்தைத் தாங்காது. குழியைச் செங்கல் கட்டி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, விளிம்பை மூன்று நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். பாவு ஏற்றியிருக்கும்போது இந்த வேலையைத் தொடங்க முடியாது. ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏற்றுமுன் உள்ள இடைவெளியில்தான் செய்ய வேண்டும். அந்த நாட்களில் நெசவு வருமானம் இருக்காது. அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கணக்கைத் தாளில் போடுவோம்

'எவ்வளவு ஆகும்?' என்று கேட்டால் மேஸ்திரி ஒரு மொத்தத் தொகையைச் சொல்வார். அந்தத் தொகைக்குள் என்ன அடங்கும் என்பது இருவருக்கும் தெரியாது. அளவிலிருந்து தொடங்குங்கள். 10 அடிக்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி. மூன்றடி உயரம் பூசினால் 132 சதுர அடி. மூன்றடி அகல வாசலைக் கழித்தால் 123 சதுர அடி. ஒன்றுக்கு நான்கு கலவையில் 12 மில்லிமீட்டர் கனம் பூச, 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்டும் 5 கன அடி மணலும் பிடிக்கும். அப்படியானால் இந்த அறைக்கு இரண்டு மூட்டை வாங்கினால் போதும். ஐந்து மூட்டை கேட்டால் ஏன் என்று விசாரிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் கடையில் கிடந்த சிமெண்டின் வலு குறைந்திருக்கும். மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள்: சாமான், கொத்தனார் கூலி, பெரியாள் சித்தாள் கூலி, வண்டி வாடகை, இடிசல் அள்ளும் செலவு, பெயின்ட், மின்வேலை. பழைய சுவரை உடைத்தபின் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை தனியே ஒதுக்குங்கள். கணக்கு 40,000 ரூபாய் வந்தால், 6,000 முதல் 8,000 வரை கையில் தனியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத் தளத்தை இந்த வருடமும் உட்பூச்சை அடுத்த வருடமும் செய்வதில் தவறில்லை.

காலமும் ஒரு கணக்குதான். பூச்சு வேலையைக் கோடையில் செய்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளித்து, சுவர் நன்றாக உலர்ந்தபின் பெயின்ட் அடிக்க வேண்டும். பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு தொடங்கினால் ஈரச் சுவரில்தான் பெயின்ட் விழும். அந்த நேரத்தில் ஆளும் கிடைப்பது கடினம்.

பேசியதை எழுதிக்கொள்வது

இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எல்லோரிடமும் ஒரே தாளைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். அவர் முன்பு செய்த வேலையைப் போய்ப் பாருங்கள். அது ஒரு மழைக்காலத்தைக் கடந்த வேலையாக இருக்கட்டும்.

'தெரிந்த மனிதர், எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே' என்று தயங்குகிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல் பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அது. கூலிக்கு அமர்த்தும் ஒப்பந்தத்தில் கூலியும் வேலையும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் சட்டம். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, சாமான் யாருடையது, எத்தனை நாளில் முடியும், பணம் எப்போது என்ற ஐந்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். பின்னால் வரும் மனவருத்தத்தில் பெரும்பகுதி அந்தத் தாளோடு நின்றுவிடும்.

ஒப்பந்த வேலை என்றால் மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் முன்பணம், மீதி வேலை முடியும் படிக்கேற்ப, கடைசியில் ஒரு பத்து சதவீதம் பெயின்ட் முடிந்தபின் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். குடும்பத்தலைவர் சவூதியிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில், ஒவ்வொரு படியும் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பி, அவர் பார்த்தபின் பணம் கொடுக்கலாம். ஆண் துணை இல்லாத வீடுகளில் வேலை நேரத்தை முன்பே பேசி, உறவினர் ஒருவரை உடன் இருக்கச் சொல்வது நல்லது.

கூலி அவர்களின் ஹக்கு

நாள் கூலிக்காரரின் பணத்தை அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை நாம் மேடையில் அடிக்கடி கேட்கிறோம். பூச்சு சரியில்லை என்றால் அதை மேஸ்திரியிடம் பேச வேண்டும். அதைக் காரணமாக வைத்து, மணல் சுமந்த சித்தாளின் கூலியை நிறுத்துவது கூடாது. பெண் தொழிலாளர்கள் கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்பதையும் வேலை தொடங்கும் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு அவசரமானாலும் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே தேங்கிய விஷவாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் தமிழகத்தில் பல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். ஈரச் சுவரில் மின்கசிவும் ஆபத்து. சுவரை உடைக்குமுன் மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனிடம் 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் பொருத்தச் சொல்லுங்கள். அதை ஆடம்பரச் செலவாக எண்ணிப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி?

நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 2,500 ரூபாய், வருடம் 30,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அது வீட்டை எப்படி அரிக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். மழை முடிந்த மாதத்திலிருந்தே சிறுகச் சேர்ப்பது, தள்ளுபடி ஏலம் இல்லாத குலுக்கல் சீட்டு, உறவினரிடம் எழுதி வாங்கும் அழகிய கடன் ஆகியவை நமக்கு ஏற்ற வழிகள். இவை எதுவும் இயலாதவர்கள் கடன் வாங்குமுன் எங்களிடம் வாருங்கள். வாங்கியபின் வந்தால் உதவி பாதி வட்டிக்கே போய்விடுகிறது.

கட்டட வேலை செய்யும் சகோதரர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர் எந்த சமயத்தவராக இருந்தாலும், பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

செலவுத் தாளோ ஒப்பந்தத் தாளோ எழுதத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அறையின் அளவை மட்டும் எடுத்து வாருங்கள்.