மிளகு தின்னும் எலிக்கு யார் துணை?

பாலக்காடு, இடுக்கி மலைகளின் மிளகு விவசாயிகளுக்கு அது வேண்டாத விருந்தாளி. இரவில் மரப்பொந்திலிருந்து வெளியே வந்து, கொடியேறி மிளகைத் தின்னும் எலி. முதுகில் தட்டையான முட்கள்; வால் நுனியில் பாட்டில் கழுவும் பிரஷ் போல ரோமம். மலையாளத்தில் முள்ளெலி. தமிழிலோ அந்தப் பெயர் வறண்ட காட்டில் சுருண்டு படுக்கும் வேறொரு பிராணிக்கு எப்போதோ போய்விட்டது; இதை முள் மரஎலி என்போம். 1859ல் எட்வர்ட் பிளைத் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

இதற்கும் மன்னார் வளைகுடாவின் கூம்பு நத்தைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டின் ஆயுதமும் சாதாரண உறுப்பு உருமாறியதுதான். எலிக்கு ரோமம் முள்ளானது. நத்தைக்குப் பல், விஷ ஈட்டியானது. ஊர்ந்து செல்லும் இந்தச் சோம்பேறி இனத்தில் சில, நீந்தும் மீனையே நொடியில் முடக்கிவிடும்.

மதிப்பில்தான் வித்தியாசம். பசிபிக் கூம்பு நத்தை ஒன்றின் விஷத்திலிருந்து பிறந்த ஜிகோனோடைட் மருந்துக்கு 2004ல் அமெரிக்கா அனுமதி தந்தது. மார்பினுக்கும் அடங்காத வலிக்கு அதைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்துகிறார்கள். நத்தையைக் காப்பாற்ற வேறு வாதம் தேவையில்லை.

எலியிடம் விற்க ஒன்றுமில்லை. அது வெடிப்பலாப் பூக்களை நாடி வருவதைக் களக்காடு மலைப் பகுதியில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது மிளகுக்காரரின் நஷ்டத்தை ஈடுகட்டாது. தோட்டங்களுக்காகக் காடு அழிந்தபோது, அதன் வீடான முதிய மரங்களும் போயின. இன்று நடும் கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும்.