குப்பை உரம் வாங்கும் முன் ஆய்வறிக்கையைக் கேளுங்கள்

"மாநகராட்சிக் குப்பை உரம் லோடு கணக்கில் கிடைக்கிறது. தொழு உரத்தைவிட விலை குறைவு. வாங்கிப் போடலாமா?" பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்த உரம் எந்தக் குப்பையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம்மில் பலர் கேட்பதில்லை.

யானைக்கவுனியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ராயபுரம் மண்டலத்தில், மொத்த வியாபாரக் கடைகளும் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. காலையில் அங்கே சேரும் குப்பையில் வாழையிலையும் காய்கறித் தோலும் இருக்கும். பாலித்தீன் உறை, உடைந்த டியூப்லைட், தீர்ந்துபோன செல், பழைய சர்க்யூட் போர்டு ஆகியவையும் இருக்கும். வாழையிலை தனியாக வந்தால் அது எரு. எல்லாம் ஒரே வண்டியில் ஏறினால் கதை வேறு. டியூப்லைட்டில் பாதரசம், சிலவகை ரீசார்ஜ் செல்களில் காட்மியம், போர்டின் பற்றவைப்பில் ஈயம். மட்கும்போது எழும் சூட்டில் நோய்க்கிருமி சாகும், களை விதை சாகும். உலோகம் அப்படியே இருக்கும். குப்பை மட்க மட்க எடை குறைவதால், ஒரு கிலோ உரத்தில் உள்ள உலோக அளவு கூடத்தான் செய்யும்.

இந்தக் கலப்படத்தைத் தடுக்கத்தான் 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டுக்காரர் மேலேயே வைத்தன. அதற்கு முன்பு 2000-ம் ஆண்டில் வந்த விதிகளுக்குப் பின்னணியாக இருந்தது, அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. பட்டணத்துச் சமையலறைக்குப் போட்ட சட்டம்தானே என்று நாம் கடந்துபோய்விடுகிறோம். அந்தத் தெருவில் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை என்றால், அதன் விளைவு உங்கள் வயலுக்கு வந்து சேரும்.

உரமாக விற்கும்போது இன்னொரு சட்டமும் சேர்கிறது. நகரக் குப்பை உரம், உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-க்குள் வருகிறது. யூரியாவுக்கும் டிஏபிக்கும் உள்ள அதே ஆணைதான். இதன்படி கரிமக் கார்பன் 12 சதவீதத்துக்கும், தழைச்சத்து 0.8 சதவீதத்துக்கும், மணி, சாம்பல் சத்துகள் தலா 0.4 சதவீதத்துக்கும் குறையக்கூடாது. கார்பன், தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழே இருக்க வேண்டும். 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, நிக்கல் 50, பாதரசம் 0.15 தாண்டக்கூடாது. உலோக அளவு வரம்பை மீறிய உரத்தை உணவுப் பயிர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2016 விதிகளின் இரண்டாம் அட்டவணையே சொன்னது.

இந்த எண்களை வயல் கணக்காக மாற்றிப் பாருங்கள். 0.8 சதவீதம் என்றால் டன்னுக்கு 8 கிலோ தழைச்சத்து. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ. அதாவது இரண்டரை டன் குப்பை உரம், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். ஆகவே இதை யூரியாவுக்கு மாற்றாக நினைத்து வாங்காதீர்கள். மண்ணின் பொலபொலப்புக்கும் நீர்ப்பிடிப்புக்கும் வாங்குங்கள்.

உலோகக் கணக்கு இன்னும் முக்கியம். ஏக்கருக்கு 5 டன் போட்டால், வரம்புக்கு உட்பட்ட உரமே அதிகபட்சம் 500 கிராம் ஈயத்தையும் 25 கிராம் காட்மியத்தையும் கொண்டுவரலாம். ஒரு தடவையில் பெரிய சேதமில்லை. ஆனால் பயிர் எடுப்பது மிகச் சிறு பங்கு. மீதி மேல்மண்ணிலேயே தங்கி, ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். ஐரோப்பிய இயற்கை விவசாய விதிகளில் வீட்டுக் குப்பை உரத்துக்கு ஈயம் 45, காட்மியம் 0.7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தார்கள். பாதரசத்தில் நம் வரம்புதான் கடுமை. காட்மியத்தில் நாம் தாராளமாக இருக்கிறோம் என்பது என் கருத்து. சட்டத்துக்கு உட்பட்ட உரம்தானே என்று வருடம் தவறாமல் கொட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது கொடுங்கையூர். வடசென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்த அந்த மேட்டில், சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கும் பணி எடுக்கப்பட்டது. எரியும் பொருள் சிமென்ட் ஆலைக்கும், கல்லும் கட்டட இடிபாடும் பள்ளம் நிரப்பவும் போகும். சலித்த பிறகு கடைசியில் கறுப்பாக, நயமாக ஒரு மண் மிஞ்சும். பார்வைக்கு நல்ல எரு மாதிரியே இருக்கும். இந்த வகை மண்ணை எந்த ஊர்க் குப்பை மேட்டிலிருந்து யார் கொண்டுவந்தாலும், 'உரம்' என்று நம்பி வயலில் இறக்காதீர்கள். பிரிக்காமல் கொட்டிய காலத்துக் குப்பையின் அடிமண் அது. உரம் என்று விற்றால் மேலே சொன்ன அத்தனை வரம்புக்குள்ளும் அது வர வேண்டும். வந்ததா என்பதைக் காகிதத்தில்தான் பார்க்க முடியும், கண்ணால் முடியாது.

மூட்டையில் வந்தால் தயாரிப்பாளர் பெயர், சத்து விவரம், நிகர எடை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். லாரியில் அப்படியே வந்தால், அந்தத் தொகுப்புக்கான ஆய்வறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் கன உலோக அளவு இருக்க வேண்டும், வெறும் தழை, மணி, சாம்பல் சத்து அளவு போதாது. விற்பனையாளர் 'எம்' படிவத்தில் ரசீது தர வேண்டும். ரசீது இல்லாவிட்டால், பிறகு புகார் சொல்ல உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சந்தேகம் இருந்தால் வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்தில் சொல்லுங்கள். மாதிரி எடுக்க உர ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. யூரியா மாதிரி எடுக்கும் அக்கறையோடு குப்பை உரத்தையும் எடுக்க வேண்டும் என்று களப்பணியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ரசாயன உரத்தோடு குப்பை உரத்தையும் சேர்த்து, 6, 7 மூட்டைக்கு 3, 4 மூட்டை என்ற விகிதத்தில் உர நிறுவனங்களே விற்க வழி செய்ய வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னன. உங்கள் ஊர் உரக்கடையில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? அந்த வழி நன்றாக நடந்தால், பெயர் தெரியாத லாரிக்காரரிடம் வாங்கும் தேவையே வராது.

சரியான அறிக்கையுள்ள உரம் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மல்லி, சவுக்கு, தென்னை ஆகியவற்றுக்கு முதலில் கொடுங்கள். கீரைக்கும் முள்ளங்கிக்கும் வேண்டாம். காட்மியத்தை எளிதில் இழுத்து, நாம் தின்னும் பாகத்திலேயே வைப்பவை அவை. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்; வடித்துக் காயவிட்டால் வேர் எடுக்கத் தொடங்கும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் ஏறிய கிணறுகள் இருப்பதால் அங்குள்ளவர்கள் உப்பையும் பார்க்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் மின்கடத்துத்திறன் 4 டெசிசைமன் வரை. ஏற்கெனவே உப்பு உள்ள நிலத்துக்கு அதில் பாதி இருந்தாலே யோசியுங்கள்.

லோடு வாங்கும் முன் ஒரு வாளி உரம் வாங்கிவந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு உங்கள் வயல் மண் கலந்து ஒரு தொட்டியில் 20 பச்சைப்பயறு ஊன்றுங்கள். பக்கத்தில் வெறும் வயல் மண்ணில் 20. ஒரு வாரத்தில் உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தோ வேர் கருகியோ இருந்தால் உரம் இன்னும் மட்கவில்லை, அல்லது உப்பு அதிகம். ஈயத்தையும் காட்மியத்தையும் இந்தத் தொட்டி காட்டாது. அதற்கு ஆய்வறிக்கை மட்டும்தான்.