ஒரு டம்ளர் என்பது எத்தனை மில்லிலிட்டர்?

மருத்துவர் மில்லிலிட்டரில் பேசுகிறார். மருந்துப் புட்டியும் பானப் பொட்டலமும் மில்லிலிட்டரில் பேசுகின்றன. நம் வீட்டுச் சமையலறையோ இன்றும் டம்ளர், கோப்பை, கரண்டி, செம்பு என்றே பேசுகிறது. இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே சரியான மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் சமையலில் சுவை கெடும். மருந்தில் உடலே கெடும். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் போதித்தவன் என்ற முறையிலும், ஆலய நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு திருவிழாக் காலங்களில் பானக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையிலும், இந்த மாற்றுக் கணக்கை எளிமையாக விளக்க விரும்புகிறேன்.

பழைய அளவைகள்

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்ற அளவைகளைக் கொண்டு வந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. வாய்பாடு ஒன்றே என்றாலும் படியின் பருமன் ஊருக்கு ஊர் வேறுபட்டது. இங்கு வந்தபின் மலாய் அளவைகளான சூப்பாக், கந்தாங் ஆகியவற்றோடும் பழகினார்கள். நான்கு சூப்பாக் ஒரு கந்தாங். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு கந்தாங் ஒரு கேலனுக்குச் சமம் என்று வரையறுக்கப்பட்டது. ஆங்கிலேயக் கேலன் என்பது 4.546 லிட்டர். ஆகவே ஒரு சூப்பாக் ஏறக்குறைய 1.14 லிட்டர்.

1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. என் தலைமுறையினர் பள்ளியில் பைண்ட், கேலன் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு லிட்டரைக் கற்றவர்கள். சட்டம் மாறியது, பாடநூல் மாறியது, அடுக்களை டம்ளர் மட்டும் மாறவில்லை.

அடிப்படைக் கணக்கு

ஒரு லிட்டரில் 1000 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் என்பது ஒரு கன சென்டிமீட்டர். அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டராக உள்ள சிறு பெட்டியின் கொள்ளளவு. அதில் நிரம்பும் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மெட்ரிக் முறையின் அழகே இதுதான்: தண்ணீரைப் பொறுத்தவரை தராசும் அளவைப் பாத்திரமும் ஒரே எண்ணைச் சொல்லும்.

இதை வைத்து வீட்டு டம்ளரை நாமே அளந்துவிடலாம். கேக் செய்யப் பயன்படும் சிறு மின்தராசில் வெறும் டம்ளரை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமாக ஊற்றும் மட்டத்திற்குத் தண்ணீர் ஊற்றி மீண்டும் நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர். தராசு இல்லாதவர்கள் பிரிக்காத 500 மில்லிலிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறந்து, அது எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணினால் போதும். இரண்டு டம்ளர் வந்தால் டம்ளர் 250. இரண்டரை வந்தால் 200. ஒன்று நினைவிருக்கட்டும்: எடை வழி தண்ணீருக்குத்தான் பொருந்தும். பாலுக்கு வேறுபாடு மிகச் சிறிது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. தேன் மிகக் கனமானது.

நினைவில் கொள்ளவேண்டிய பட்டியல்

ஒரு தேக்கரண்டி – 5 மில்லிலிட்டர்
ஒரு மேசைக்கரண்டி – 15 மில்லிலிட்டர்
சமையல் நூல்களின் மெட்ரிக் கோப்பை – 250 மில்லிலிட்டர்
அமெரிக்கக் கோப்பை – சுமார் 240 மில்லிலிட்டர்
ஓர் அவுன்ஸ் பானம் – சுமார் 30 மில்லிலிட்டர்
ஆங்கிலேய பைண்ட் – 568 மில்லிலிட்டர்
அமெரிக்க பைண்ட் – 473 மில்லிலிட்டர்
அமெரிக்கக் கேலன் – 3.785 லிட்டர்

இதிலும் சில பொறிகள் உள்ளன. ஆஸ்திரேலியச் சமையல் நூல்களில் ஒரு மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர். மற்ற நாட்டு நூல்களில் பெரும்பாலும் 15. எனவே நூல் எந்த நாட்டில் அச்சானது என்று பார்த்துவிட்டுச் சமையலைத் தொடங்குவது நல்லது.

கரண்டியும் மருந்தும்

தேக்கரண்டி 5 மில்லிலிட்டர் என்பது அளவுக் கரண்டிக்குப் பொருந்தும் விதி. நாம் தேநீர் கலக்கும் கரண்டிக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. ஒன்று 3 மில்லிலிட்டர் பிடிக்கும். இன்னொன்று 7 பிடிக்கும். பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு சில மருந்துகளில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது இது சிறிய விஷயமன்று. தேக்கரண்டி என்பதை மேசைக்கரண்டி என்று எடுத்துக்கொண்டால் மருந்து மூன்று மடங்காகிவிடும். மருந்தோடு வரும் சிறு கிண்ணத்தையோ, ஊசியில்லாத மருந்துக் குழலையோ மட்டும் பயன்படுத்துங்கள். கிண்ணத்தைக் கையில் உயர்த்திப் பார்க்காமல், மேசைமேல் வைத்துக் கண்ணை அதன் மட்டத்திற்குக் கொண்டுவந்து பாருங்கள்.

வயிற்றுப்போக்கிற்கான உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் அளவே மருந்து. கடையில் விற்கும் பொட்டலங்களில் சிலவற்றை 250 மில்லிலிட்டர் நீரிலும், சிலவற்றை ஒரு லிட்டர் நீரிலும் கரைக்கவேண்டும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல், லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் உப்பு நான்கு மடங்கு ஏறிவிடும். அது குழந்தையின் உடலில் மிஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். பொட்டலம் கிடைக்காத அவசர நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். ஒரு லிட்டருக்கு இரண்டு 500 மில்லிலிட்டர் போத்தல் என்று நினைவில் வைத்தால் தவறு வராது.

அளந்து குடிக்கவேண்டியவர்கள்

சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு அன்றாட வாழ்க்கைப் பிரச்சினை. என் மைத்துனர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 750 மில்லிலிட்டர் பானம் என்று மருத்துவர் வரம்பு வைத்திருந்தார். "மாப்பிள்ளை, ஒரு டம்ளர் 150 என்று வைத்து ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எடை கூடிவிட்டதென்று தாதியர் கண்டிக்கிறார்கள்" என்று வருத்தப்பட்டார். "மச்சான், அந்த டம்ளரைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கித் தராசில் வைத்தேன். வெறும் டம்ளர் 95 கிராம். அவர் வழக்கமாக ஊற்றும் மட்டத்தில் 325 கிராம். அதாவது ஒரு டம்ளர் 230 மில்லிலிட்டர். ஐந்து டம்ளர் 1150. வரம்புக்கு மேல் நாள்தோறும் 400 மில்லிலிட்டர்; இரண்டு நாளில் 800. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் அதுவே முக்கால் கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அவர் மனக்கட்டுப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. டம்ளர்தான் தன் அளவைச் சொல்லாமல் இருந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் கடைப்பிடிக்கும் வழி மற்றவர்க்கும் உதவும். காலையில் ஒரு போத்தலில் 750 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து வைத்துவிடுவார். நாள் முழுவதும் தண்ணீர் அதிலிருந்துதான். இடையில் 150 மில்லிலிட்டர் தேநீர் குடித்தால், அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். இரசம், கஞ்சி, மோர், சூப், ஐஸ் எல்லாமே கணக்கில் சேரும். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் சேரும். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வரம்பு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும். நாம் செய்யவேண்டியது அவர் சொன்ன எண்ணை நம் டம்ளருக்கு மாற்றிக்கொள்வதே.

இனிப்பின் கணக்கு

பானப் பொட்டலத்தில் சர்க்கரையின் அளவு 100 மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கும். நாம் 100 மில்லிலிட்டரோடு நிறுத்துவதில்லை. 100-க்கு 10 கிராம் என்றால், 325 மில்லிலிட்டர் டின்னில் 32.5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம் என்று வைத்தால் அது ஆறரைக் கரண்டி. ஒரு கோப்பைத் தேநீரில் ஆறரைக் கரண்டி போட்டால் நாம் குடிப்போமா? நம் நாட்டில் 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள அடைக்கப்பட்ட குளிர்பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. வரி கடைக்காரர் கணக்கில் போகட்டும். நீரிழிவு நம் கணக்கில் வராமல் பார்த்துக்கொள்வோம்.

கூட்டத்திற்குப் பானம்

தண்ணீர்ப் பந்தல் அமைப்போர்க்கும் ஒரு சொல். 200 மில்லிலிட்டர் காகிதக் குவளையை விளிம்புவரை நிரப்பினால் கையில் சிந்தும். 150 மில்லிலிட்டர்தான் ஊற்றமுடியும். 500 பேருக்கு ஆளுக்கொரு குவளை என்றால் 75 லிட்டர் நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் என்றால் 15 லிட்டர் தயிரும் 60 லிட்டர் தண்ணீரும் வேண்டும். இரண்டாம் முறை கேட்பவர்களுக்காகக் கால் பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம்.

அண்டா எவ்வளவு பிடிக்கும்? நேர்ச் சுவருள்ள அண்டாவின் உட்புற விட்டத்தில் பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 3.14-ஆலும், நீர் நிற்கும் உயரத்தாலும் பெருக்குங்கள். விட்டம் 40 சென்டிமீட்டர், நீர் உயரம் 50 என்றால் 20 × 20 × 3.14 × 50 = 62,800 கன சென்டிமீட்டர்; அதாவது 62.8 லிட்டர். 75 லிட்டருக்கு இரண்டாவது அண்டா தேவை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் "இது எதற்குப் பயன்படும், சார்?" என்று கேட்ட மாணவர்களுக்கு இதுவே பதில்.

வாசகப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வாரம் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் அன்றாடம் புழங்கும் டம்ளர், கோப்பை, செம்பு மூன்றையும் அளந்து, அடிப்பகுதியில் நகப்பூச்சினால் அதன் மில்லிலிட்டரை எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பாடம், உங்களுக்குப் பாதுகாப்பு. அடுத்த முறை மருத்துவர் ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எத்தனை டம்ளர் என்று உங்களுக்கே தெரியும்.