காயும் கனியும்: இரண்டு ஊர்ப்பெயர்களின் அசைக்கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒன்று பால்கோவாவுக்குப் பேர்போனது, மற்றது வேட்டைநாய்க்கு. யாப்புக் கணக்கில் இவ்விரு பெயர்களைப் பிரிப்பது ஒரே ஓர் அசை.

அசை பிரிக்கும் விதி எளிது. தனிக்குறிலோ தனிநெடிலோ நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. மெய்யெழுத்து வந்தால் அசை அங்கே முடியும். மூன்றசைச் சீர் நேரில் முடிந்தால் காய். நிரையில் முடிந்தால் கனி.

‘ஸ்ரீ’யை விட்டுவிட்டால் வில்/லிபுத்/தூர்: நேர் நிரை நேர், வாய்பாடு கூவிளங்காய். ரா/ஜபா/ளையம்: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. ‘ளை’ நெடிலாயிற்றே என்று கேட்கலாம். சொல்லின் நடுவில் ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘பாளயம்’ என்றுதான் வரும். அதனால் அது குறில் கணக்கு.

இது சின்ன வேறுபாடு அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாட்டும் வெண்டளையில் (வெண்பாவுக்குரிய சீர்க்கட்டில்) ஓடும் கொச்சகக் கலிப்பா. வெண்டளைக்குக் காய்ச்சீர் ஆகும், கனிச்சீர் ஆகாது. வில்லிபுத்தூர் அந்த நடையில் அப்படியே உட்காரும், ராஜபாளையம் உட்காராது. முன்னால் ‘திரு’ சேர்த்தாலோ வில்லிபுத்தூரும் நாலசைச்சீர் ஆகிவிடும். புலவர்கள் நாலசைச்சீரை அரிதாகவே தொட்டார்கள். ஆண்டாள் 30ஆம் பாட்டில் தன் ஊரைப் ‘புதுவை’ என்றே சொல்கிறாள்.

இத்தாலிய மொழியிலும் நீளச் சொற்கள் இப்படிப் பிரியும். ‘பெல்லோ’ என்றால் அழகான. மிக மிக அழகு என்றால் ‘பெல்லிஸ்ஸிமோ’. ‘வில்லி’யைப் போலவே இரட்டித்த மெய் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும்: பெல்/லிஸ்/ஸி/மோ. நம் கணக்கில் ‘ஸிமோ’ ஒரே நிரை, ஆகவே தேமாங்கனி! ஆனால் அங்கே ஓர் அசையை அழுத்திச் சொல்லவேண்டும். ‘இஸ்ஸிமோ’ எவ்வளவு நீளச் சொல்லில் ஒட்டினாலும் அழுத்தம் ‘இஸ்’ மேல்தான். அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும்: ‘அங்கோரா’வில் முதல் அசையை அழுத்தினால் நங்கூரம், நடு அசையை அழுத்தினால் ‘இன்னும்’. இத்தனைக்கும் எழுத்தில் அது பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. தமிழில் கல்லையும் காலையும் வேறாக்கும் வேலையைக் குறிலும் நெடிலும் பார்த்துக்கொள்கின்றன, கண்ணாலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு நம் முறைதான் மேல்.

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் மறைப்பணி செய்தவர். அழுத்தத்திலேயே வளர்ந்த அந்தக் காது அசைக்குப் பழகித் தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடியது. தொன்னூல் விளக்கத்தில் யாப்பிலக்கணமும் சொன்னது. நினைக்க நினைக்க வியப்புதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்து மற்ற ஊர்களையும் பிரித்துப் பாருங்கள். சிவகாசி புளிமாங்காய், விருதுநகர் கருவிளங்காய். அருப்புக்கோட்டை நாலசைச்சீர், அதன் வாய்பாட்டை நீங்களே கண்டுபிடியுங்கள்.