நாட்காட்டி, மின்னஞ்சல் மென்பொருள்களை நிரல்வழி அமைத்தல்

நாட்காட்டி, மின்னஞ்சல் மென்பொருள்களை நிரல்வழி அமைத்தல் என்பது, அவற்றில் திரும்பத் திரும்பக் கையால் செய்யும் வேலைகளை விதிகளாகவோ சிறு நிரல்களாகவோ எழுதித் தானாக நடக்கச் செய்வதாகும். இதில் கடினமானது நிரல்மொழி அன்று. வேலையின் ஒழுங்கைப் பிழையின்றி வரையறுப்பதே. 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (இன்றைய என்எல்சி இந்தியா) சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இரவும் பகலும் இயங்குபவை. அத்தகைய ஊரின் ஷிப்டு அட்டவணை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஐகேலெண்டர் வடிவம்

நாட்காட்டி நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரம் ஐகேலெண்டர். இது 1998-இல் வெளியாகி, 2009-இல் திருத்தப்பட்டது. கூகுள் நாட்காட்டி, அவுட்லுக், தண்டர்பேர்டு ஆகியவை இதைப் படிக்கும். இதன் கோப்பு வெறும் உரைக்கோப்பு என்பதால் சாதாரண உரைத்தொகுப்பியிலேயே திறக்கலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தலைப்பு, தொடக்கம், முடிவு, மீள்நிகழ்வு விதி, விலக்கு நாட்கள் ஆகியவை தனித்தனி வரிகளில் இருக்கும். தம் நாட்காட்டியிலிருந்து ஒரு நிகழ்வை ஏற்றுமதி செய்து வரிவரியாகப் படிப்பதே நல்ல முதல் பாடம்.

ஷிப்டு அட்டவணை

ஒருவருக்கு முதல் வாரம் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, அடுத்த வாரம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, மூன்றாம் வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை என்றும், ஞாயிறு விடுமுறை என்றும் கொள்வோம். ஆண்டு முழுவதற்கும் நாள்தோறும் பதிய வேண்டியதில்லை. ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று நிகழ்வுகளை அடுத்தடுத்த வாரங்களில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் "மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, திங்கள் முதல் சனி வரை" என்று விதி எழுதினால் போதும். விடுப்பு எடுக்கும் நாளை விலக்கு நாளாகச் சேர்க்கலாம்.

இரவு ஷிப்டில்தான் கவனம் தேவை. திங்கள் இரவு 10 மணிக்குத் தொடங்கும் வேலை செவ்வாய்க் காலையில் முடிகிறது. முடிவுத் தேதியையும் திங்கள் என்றே எழுதினால், தொடக்கத்துக்கு முன்பே முடியும் நிகழ்வாகிவிடும். தரம் அதை ஏற்பதில்லை.

நேர வலயம்

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. செவ்வாய் அதிகாலை 2 மணி, பொது நேரப்படி திங்கள் இரவு 8.30 ஆகும். பொது நேரத்திலிருந்து தேதியை மட்டும் எடுக்கும் நிரல், இந்நிகழ்வை முந்தைய நாளில் வைத்துவிடும். ஒரு நாள் பிசகினால் ஷிப்டே தவறிப்போகும். எனவே நேர வலயத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுவது அவசியம்.

மின்னஞ்சல் விதிகள்

வந்த கடிதங்களை வகைபிரிக்கச் சர்வரில் இயங்கும் விதிகளை எழுதும் மொழி சீவ். இதன் முதல் தரம் 2001-இல் வெளியானது. பயனர் எழுதும் விதி முடிவின்றிச் சுழன்று சர்வரை முடக்காதிருக்க, அடிப்படை மொழியில் மடக்குக் கட்டளை வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. தானியங்கிப் பதிலிலும் இதே அபாயம் உண்டு: இரு கணக்குகளின் தானியங்கிப் பதில்கள் ஒன்றுக்கொன்று பதிலளித்துக்கொண்டே போகலாம். ஆகவே தானாக அனுப்பப்பட்ட கடிதத்துக்குத் தானாகப் பதில் அனுப்பாதபடி விதி அமைக்க வேண்டும்.

கருவிகளும் கற்கும் வரிசையும்

தண்டர்பேர்டில் நிரல் எழுதாமலே வடிகட்டிகளை அமைக்கலாம். நீட்சிகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டை அடிப்படையாகக் கொண்டது. இதை உலாவியிலேயே எழுதி இயக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம், தன் மென்பொருள்களுக்கென டெலூஜ் என்ற நிரல்மொழியை வழங்குகிறது.

முதலில் வடிகட்டி, அடுத்து மீள்நிகழ்வு விதி, அதன்பின் நிரல் என்பது தொடக்க நிலையினருக்கு ஏற்ற வரிசை. புதிய நிரலைத் தனியொரு சோதனை நாட்காட்டியில் இயக்கிப் பார்க்க வேண்டும். கடிதங்களை அழிக்கும் விதியைவிட வேறு உறைக்கு மாற்றும் விதியே பாதுகாப்பானது. விதியில் பிழை இருந்தாலும் கடிதம் மீளக் கிடைக்கும்.